வால் போச்சு, ராகம் வந்தது, டும் டும் டும்!

கி.பி. ஆறாம் நூற்றாண்டின் தொடக்கம். ஜியென்காங் என்ற தலைநகரம்; இன்றைக்கு நான்ஜிங். லியாங் வம்சத்தை நிறுவிய பேரரசர் வூ, கொலுமண்டபத்தில் உட்கார்ந்திருக்கிறார். கொஞ்ச நாளாக அவருக்கு ஒரு மண்டைக்குடைச்சல். கவிராயர்கள் கூடும் இடமெல்லாம் ஒரே பேச்சு: நாலு தொனி, நாலு தொனி. சீன மொழியின் ஒவ்வோர் அசையும் நாலு தொனிகளில் ஒன்றில்தான் ஒலிக்கிறதாம். இத்தனைக்கும் பேரரசரே கவிஞர். பிறந்ததிலிருந்து பேசுவது அதே மொழி. ஆனாலும் அந்த நாலு எது என்று அவருக்குப் பிடிபடவில்லை. பக்கத்தில் நின்ற ஜோ ஷெயைக் கேட்டார்: “அதென்னய்யா நாலு தொனி?”

ஜோ ஷெ சாமர்த்தியசாலி. அவருடைய அப்பாவே தொனி ஆராய்ச்சியில் ஊறியவர். நாலே அசையில் பதில் சொன்னார்: தியென், ட்ஸு, ஷெங், ஜ. ‘வானத்தின் மைந்தர் மகா ஞானி’ என்று பொருள். வானத்தின் மைந்தர் என்றால் சாட்சாத் பேரரசர்தான். அந்த நாலு அசையும் வரிசையாக நாலு தொனியில் வருகின்றன: சமம், ஏற்றம், போக்கு, நுழைவு. பாடமும் ஆச்சு, ஐஸும் வைத்தாச்சு. இலக்கண வரலாற்றில் இதைவிட லாபகரமான எடுத்துக்காட்டு வாக்கியம் எனக்குத் தெரிந்து கிடையாது.

பேரரசர் என்ன செய்தார்? கேட்டுக்கொண்டார், கடைசிவரை அந்தத் தொனி விதிகளைக் கையில் தொடவே இல்லை. அவர் அப்படிப்பட்ட ஆள். பௌத்தத்தில் மூழ்கி, ‘இனி நான் மடத்து வேலைக்காரன்’ என்று தோங்தாய் கோயிலில் போய் உட்கார்ந்துகொள்வார். மந்திரிகள் கோடிக்கணக்கில் காசு கொட்டி மீட்டுக்கொண்டு வருவார்கள். கொஞ்ச நாள் கழித்து மறுபடி போய் உட்காருவார். நம் ஊரில் காஞ்சிபுரத்து இளவரசர் என்று கொண்டாடப்படும் போதிதர்மர், ‘இத்தனை கோயில் கட்டினேனே, எனக்கு எவ்வளவு புண்ணியம்?’ என்ற கேள்விக்கு ‘ஒன்றும் இல்லை’ என்று முகத்தில் அடித்தாற்போல் சொன்னதாக ஒரு கதை உண்டல்லவா? கேட்டதாகச் சொல்லப்படுபவர் இதே பேரரசர்தான். அந்தச் சந்திப்பை வரலாற்றாசிரியர்கள் நம்புவதில்லை. பிற்காலத்தில் சேர்த்த கதை என்கிறார்கள். ஆனால் இரண்டு கேள்விகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரே குரல் கேட்கிறது.

சரி, இந்தத் தொனிப் புரளியைக் கிளப்பிவிட்டது யார்? ஷென் யுவே. பிறப்பு 441, இறப்பு 513. கவிஞர், வரலாற்றாசிரியர், மூன்று வம்சங்களுக்குச் சேவகம் செய்தவர். ஒரு வம்சம் கவிழும் வாடை வந்தால் அடுத்த வம்சத்தின் வாசலில் முதலில் நிற்பார். தொனிகளுக்கு என்றே அவர் ஒரு நூல் எழுதினார். எழுதியதோடு விட்டாரா? ஆயிரம் வருஷமாக ஒரு புலவனுக்கும் எட்டாத ரகசியத்தைத் தான் தனியாக உட்கார்ந்து உணர்ந்ததாக மார்தட்டினார். இந்தத் தம்பட்டத்தை மறந்துவிட வேண்டாம். இதற்குப் பதினான்கு நூற்றாண்டு கழித்து ஒரு பிரெஞ்சுக்காரர் பதில் சொல்லப் போகிறார்.

தொனி தெரிந்துவிட்டதா, உடனே சட்டமும் வந்தது. கவிதையில் எந்தத் தொனிக்குப் பக்கத்தில் எந்தத் தொனி வரக்கூடாது என்று எட்டு நோய்களின் பட்டியல் ஒன்று அவர் பெயரில் புழங்குகிறது. தட்டைத் தலை, தூக்கிய வால், குளவி இடுப்பு, கொக்கு முழங்கால் என்று போகிறது அது. கவிதையா, கால்நடை மருத்துவமா என்று சந்தேகம் வரும். குளவி இடுப்பைக் குற்றம் என்றவரின் சொந்த இடுப்போ, வயதான காலத்தில் இளைத்துக்கொண்டே வந்தது. பெல்ட்டின் துளையை நூறு நாளைக்கு ஒருதரம் மாற்ற வேண்டியிருக்கிறது என்று நண்பர் சூ மியென்னுக்குக் கடிதம் எழுதினார். அன்றிலிருந்து ஒல்லி இடுப்புக்குச் சீன இலக்கியத்தில் ‘ஷென் இடுப்பு’ என்றே பெயர் நிலைத்துவிட்டது. ஜோங் ரோங் என்ற விமர்சகர் இந்த நோய்ப் பட்டியலைப் பார்த்துவிட்டு, நாலு தொனியெல்லாம் நமக்கு வராது சாமி, கொக்கு முழங்கால் தெருவில் போகிறவனுக்கே தெரியும் என்கிற ரீதியில் எழுதி, ஷென் யுவேயைக் கவிஞர்களின் இரண்டாம் தரத்தில் வைத்தார். ஒருகாலத்தில் தன்னைப் பாராட்டச் சொல்லிக் கேட்டு ஷென் மறுத்த கடுப்பு அது என்று பழைய வரலாற்று நூல் போட்டு உடைக்கிறது. விமர்சனத் துறை அன்றைக்கே நன்றாக வளர்ந்துவிட்டிருந்தது.

ஷென் தன் வாயால் கெட்ட கதை ஒன்று உண்டு. ஒரு மாகாணத்திலிருந்து ஒன்றரை அங்குல அகலத்தில் ‘செஸ்ட்நட்’ கொட்டைகள் அரண்மனைக்கு வந்தன. பேரரசருக்குக் குஷி. இந்தக் கொட்டையைப் பற்றிப் பழைய நூல்களில் எத்தனை குறிப்பு இருக்கிறது, நீரும் எழுதும், நானும் எழுதுகிறேன் என்று போட்டி வைத்தார். ஷென் மூன்று குறைத்து எழுதித் தோற்றுப்போனார். வெளியே வந்ததும், பெரியவருக்குக் கௌரவம் முக்கியம், விட்டுக்கொடுக்காவிட்டால் வெட்கத்தில் உயிரை விட்டிருப்பார் என்று சொல்லிவைத்தார். அது உள்ளே போயிற்று. தலையைத் தப்ப வைத்தவர் அதே இடுப்புக் கடித நண்பர் சூ மியென்.

இதைவிடக் கொடுமை, படுக்கையில் விழுந்தபோது வந்த கனவு. முந்தைய வம்சத்தின் கடைசி அரசன், ஷென் முன்னின்று கவிழ்த்த சிறுவன், வாளோடு வந்து அவர் நாக்கை அறுக்கிறான். நாட்டுக்கே நாக்கின் ரகசியத்தைச் சொன்னவரின் நாக்கு! மாந்திரீகரைக் கூப்பிட்டால் அவரும் அதையே சொன்னார். பயந்துபோன ஷென், ஒரு தாவோ பூசாரியை வைத்து வானத்துக்கு மனுப் போட்டார்: ஆட்சி மாறியது என் யோசனை இல்லை சாமி. மனு வானத்துக்குப் போனதோ இல்லையோ, பேரரசர் காதுக்கு நேராகப் போயிற்று. செத்த பிறகு அவருக்கு ‘இலக்கியச் செம்மல்’ என்கிற மாதிரி ஒரு பட்டம் கொடுக்க அதிகாரிகள் எழுதிக் கொடுத்தார்கள். பேரரசர் அதை அடித்துவிட்டு ‘மனசில் மறைத்தவர்’ என்று மாற்றினார்.

இத்தனை ரகளைக்கு நடுவில் ஒரு விஷயத்தை எல்லாரும் கோட்டைவிட்டார்கள். தொனி என்பது கவிதைக்குப் போடும் நகை என்று நினைத்தார்கள். அதுவோ சொற்களையே செய்துகொண்டிருந்த பட்டறை.

பாருங்கள். சீனத்தில் ‘ஹாவ்’ என்பதை இன்றைய பெய்ஜிங் பாணியில் இறங்கி ஏறிச் சொன்னால் ‘நல்ல’. தடாலென்று இறக்கிச் சொன்னால் ‘விரும்பு’. ‘ஜோங்’ இறங்கி ஏறினால் விதை, தடாலென்று விழுந்தால் விதைப்பது. பழைய இலக்கியத்தில் ‘வாங்’ ராஜா. அதையே விழ வைத்தால் ராஜாவாக ஆளுவது. ‘யீ’ துணி, விழுந்தால் உடுத்துவது. ‘சீ’ மனைவி, விழுந்தால் பெண்ணைக் கட்டிக்கொடுப்பது. கடைசியாக ‘மாய்’. இறங்கி ஏறினால் வாங்குவது, விழுந்தால் விற்பது. இரண்டையும் அடுத்தடுத்து ‘மாய் மாய்’ என்றால் வியாபாரம். எல்லாவற்றிலும் விழுகிற தொனிதான் வேலை செய்கிறது. பழைய பெயரில் சொன்னால் ‘போக்கு’த் தொனி. தமிழில் ஓடு என்பதை ஓட்டு என்றும், உண் என்பதை ஊட்டு என்றும் நாம் மெய்யெழுத்தை அழுத்திச் செய்கிற வேலையை, அங்கே குரலை இறக்கிச் செய்திருக்கிறார்கள்.

இது மக்களின் பேச்சா, வாத்தியார்களின் வேலையா? முதலில் சண்டையைத் தொடங்கியவர்களில் ஒருவர் யென் ஜிதுய். பாவம், வம்சங்கள் அடுத்தடுத்துக் கவிழ்ந்த காலத்தில் அகப்பட்டு, ஊர் ஊராக இழுபட்டவர். பிள்ளைகளுக்கு எழுதிய அறிவுரை நூலில் உச்சரிப்புக்கென்றே ஓர் அத்தியாயம் வைத்தார். குழந்தை மழலையில் ஒரு சொல்லைத் தப்பாகச் சொன்னாலும் அது தன்னுடைய குற்றம் என்று நினைத்த மனிதர். அந்த வீட்டில் குழந்தையாகப் பிறக்காமல் போனதற்கு நன்றி சொல்லத்தான் வேண்டும். அவரே இந்த இரட்டை உச்சரிப்புகளில் சிலதைப் பார்த்து முகம் சுளித்தார். தன் படை தோற்பதற்கு ஓர் ஒலி, எதிரிப் படையைத் தோற்கடிப்பதற்கு இன்னோர் ஒலி என்று தெற்கத்திப் பண்டிதர்கள் வாய்வழியாகச் சொல்லிக்கொடுத்தது, அவர் கணக்கில் வலிந்து துளைபோட்ட சமாசாரம்.

இந்த யென் ஜிதுய்தான் பிறகு சாங்ஆனில் ஒரு வீட்டு விருந்துக்குப் போனார். எட்டு விருந்தாளிகள். ராத்திரி நீண்டது, சாராயம் தீர்ந்தது. குடித்தவர்கள் அரசியல் பேசுவார்கள், சினிமா இல்லாத காலத்தில் பெண்களைப் பற்றிப் பேசுவார்கள். இவர்கள் உச்சரிப்பைப் பற்றிப் பேசினார்கள். வடக்கு சரியா, தெற்கு சரியா என்று விவாதித்து, கடைசியில் ஒருவர், நாம் உட்கார்ந்து முடிவு பண்ணினால் பண்ணினதுதான், எழுதிவையப்பா என்றார். எழுதிவைத்தது வீட்டுப் பையன் லூ ஃபாயென். குறிப்புகள் ஏறக்குறைய இருபது வருஷம் அப்படியே கிடந்தன. அப்புறம் அவருக்கு வேலை போயிற்று. காரணம், செத்துப்போன அப்பா. பட்டத்து இளவரசரின் பிள்ளைகளுக்குப் பெயர் சரியில்லை, நல்ல பெயராக மாற்றுங்கள் என்று அப்பா ஒருகாலத்தில் மனுக் கொடுத்திருந்தாராம். இளவரசர் பதவியிழந்ததும் அப்போதைய பேரரசருக்கு அது ஞாபகம் வந்து, மகனைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டார். சும்மா வீட்டில் உட்கார்ந்த மகன் பழைய குறிப்பைத் தூசிதட்டி 601இல் ஒரு நூலாக்கினார். அதுதான் ‘சியெயுன்’, தொனி வாரியாகப் பிரித்த உச்சரிப்பு அகராதி. பழைய சீன ஒலிகளைப் பற்றி இன்று நமக்குத் தெரிந்ததில் பெரும்பங்கு, தீர்ந்துபோன அந்தச் சாராயத்துக்கும் பறிபோன அந்த வேலைக்கும் கடன்பட்டது.

ஆயிரம் வருஷம் தாண்டிக் குதிப்போம். நடுவில் பண்டிதர்கள் மனப்பாடம் செய்துகொண்டிருந்தார்கள், வேறொன்றுமில்லை. பதினேழாம் நூற்றாண்டில் கூ யென்வூ வந்து, ஒரே எழுத்துக்கு இரண்டு தொனி இரண்டு பொருள் என்பது பழங்காலத்துக்கு ஒத்துவராது என்றார். அடுத்த நூற்றாண்டில் துவான் யூத்சாய் ஒரு படி மேலே போய், ஆதியில் ‘போக்கு’த் தொனியே கிடையாது என்று அறிவித்தார். அவர்களைப் பின்பற்றியவர்களுக்கு விஷயம் சுலபமாக முடிந்தது: இதெல்லாம் பிற்கால வாத்தியார்கள் பிழைப்புக்காகக் கிளப்பிவிட்டது. வாத்தியார்கள் எதைச் சொன்னாலும் நம்புகிற நாட்டில், வாத்தியார்மீதே பழியைப் போட்டது புதுமைதான்.

1934இல் வரலாற்று மேதை சென் யின்கே வேறொரு திசையைக் காட்டினார்: இந்தியா. வேதம் ஓதும்போது உதாத்தம், அநுதாத்தம், ஸ்வரிதம் என்று மூன்று ஸ்வரம் இருக்கிறதல்லவா? பௌத்தப் பிக்குகள் சீனாவில் சூத்திரம் ஓத, அதைக் கேட்டுச் சீனர்கள் தம் மொழியிலும் மூன்று ஸ்வரம் எண்ணி, நுழைவுத் தொனியையும் சேர்த்து நாலாக்கினார்கள் என்றார். கேட்க இனிமையாக இருக்கிறது. எல்லாம் இங்கிருந்து போனதுதான் என்று நம்மவர்கள் பகிர்ந்துகொள்ள ஏற்ற செய்தி. ஆனால் வேத ஸ்வரத்தில் ஓதுவதைப் பௌத்தம் தன் பிக்குகளுக்கே தடை செய்திருந்தது என்று எதிராளிகள் காட்டினார்கள். தொனிகளை எண்ணிப் பார்க்கும் புத்தியை வேண்டுமானால் இந்தியா தூண்டியிருக்கலாம். தொனிகளை யாரும் கப்பலில் ஏற்றி அனுப்பவில்லை.

இப்போது பிரெஞ்சுக்காரர். ஆந்த்ரே-ஜார்ஜ் ஓட்ரிகூர், 1911இல் பிறந்தவர். படித்தது விவசாயம். லெனின்கிராடுக்குப் போய், விதைகளைச் சேகரித்துப் புகழ்பெற்ற வாவிலோவிடம் பயின்றவர். பயிர்களைப் பற்றி ஒரு புத்தகம், ஏரைப் பற்றி ஒரு புத்தகம் எழுதியவர். 1940களின் கடைசியில் ஹனோய்க்குப் போனார். அங்கே ஒரு பழைய தீர்ப்பு தூசிபடிந்து கிடந்தது. சீனவியல் ஜாம்பவான் ஆன்றி மஸ்பெரோ 1912இலேயே, வியட்நாமிய மொழிக்குத் தொனி இருக்கிறது, தாய்லாந்து மொழிக்கும் இருக்கிறது, தொனியே இல்லாத கெமேர் மொழியோடு அதைச் சேர்க்க முடியாது என்று எழுதிவிட்டிருந்தார். தொனி என்பது பரம்பரைச் சொத்து, வந்தால் அப்பா வழியில்தான் வரும் என்ற நம்பிக்கை.

ஓட்ரிகூர் செடியைப் பார்ப்பதுபோல் சொற்களைப் பார்த்தார். வியட்நாமிய மொழியில் இலைக்கு ‘லா’, ஏறும் தொனியில். லாவோஸ் மலைகளில் பேசும் கம்மு மொழியில் அதே ‘லா’, ஆனால் கடைசியில் தொண்டை படக்கென்று அடைத்துக்கொள்ளும். மூக்குக்கு வியட்நாமியம் ‘மூய்’, வேறொரு தொனியில். கம்முவில் ‘முஹ்’, முடிவில் மூச்சு. இப்படி வரிசை வரிசையாக ஒத்துப்போயிற்று. தொனியற்ற உறவு மொழிகளில் கடைசி மெய் நிற்கிற இடத்தில், வியட்நாமியத்தில் தொனி நிற்கிறது. மெய் தேய்ந்தது, தேயும்போது உயிரொலியின் சுருதியைக் கொஞ்சம் ஏற்றியோ இறக்கியோ விட்டுப்போயிற்று. தொனி பரம்பரைச் சொத்து அல்ல, உதிர்ந்த வாலின் தழும்பு.

1954இல் இதை எழுதியவர், அதே வருஷம் சீனத்துக்கும் அந்தச் சாவியைப் போட்டுப் பார்த்தார். திறந்துகொண்டது. ‘போக்கு’த் தொனி என்பது ஒருகாலத்தில் சொல்லின் வாலில் ஒட்டிய ‘ஸ்’ என்ற விகுதி. வாங்கு என்ற சொல்லோடு ஸ் சேர்ந்தால், வாங்க வைப்பது, அதாவது விற்பது. நல்ல என்பதோடு ஸ் சேர்ந்தால், நல்லது என்று கொள்வது, அதாவது விரும்புவது. பிறகு ஸ் தேய்ந்து ஹ் ஆயிற்று, ஹ் தேய்ந்து காற்றில் போயிற்று, குரல் மட்டும் இறங்கி நின்றது. ‘ஏற்றம்’ என்பது பழைய தொண்டை அடைப்பின் மிச்சம் என்று பின்வந்தவர்கள் சேர்த்தார்கள். ‘நுழைவு’ என்பது ப், ட், க் என்று முடிந்த சொற்களின் கூட்டம். ஒன்றுமே ஒட்டாமல் இருந்தது ‘சமம்’.

சாட்சி வேண்டுமா? நம் காசிதான் சாட்சி. பௌத்த நூல்களை முதல் சில நூற்றாண்டுகளில் சீனத்துக்குக் கொண்டுபோனவர்கள், வாராணசியைச் சீன எழுத்தில் எழுத வேண்டி வந்தது. இன்றைய உச்சரிப்பில் அது ‘பொ-லுவோ-நாய்’. வாராண வரைக்கும் சரி, ‘சி’யைக் காணோமே? கடைசி எழுத்து ‘நாய்’ போக்குத் தொனிக்காரர். அதாவது அன்று அவர் ‘நாஸ்’. ஸ் உள்ளேயே இருந்திருக்கிறது. சிராவஸ்தியை ‘ஷ-வெய்’ என்று எழுதினார்கள். அங்கேயும் ‘வெய்’ அதே தொனி, அதே ஸ். எழுதிய மொழிபெயர்ப்பாளர்களின் காதில் அந்த வால் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.

இப்போது ஷென் யுவேயின் தம்பட்டத்துக்கு வருவோம். ஆயிரம் வருஷமாக ஒருத்தனுக்கும் தொனி தெரியவில்லை என்றாரே? இல்லாததை எப்படி ஐயா தெரிந்துகொள்வார்கள்? அவருக்கு ஆயிரம் வருஷம் முந்திய புலவர்கள் வாலோடு பேசிக்கொண்டிருந்தார்கள். வால் உதிர்ந்து சில தலைமுறைகளில் அவர் வந்து, புதுத் தழும்பைப் பார்த்து, முன்னோர்கள் செவிடர்கள் என்று தீர்ப்பு எழுதினார். ஆதியில் போக்குத் தொனியே இல்லை என்ற துவான் யூத்சாய் குருட்டாம்போக்கில் பாதி சரி. தொனி இல்லை, ஸ் இருந்தது. முழுத் தப்பு, வாத்தியார்கள்மீது பழி போட்டவர்கள். ஒருசில ஜோடிகளை வாத்தியார்கள் இட்டுக்கட்டியிருக்கலாம். பட்டறை அவர்களுடையது இல்லை.

அப்புறம் நடந்தது இன்னும் தமாஷ். வடக்கத்திச் சீனத்தில் ‘நுழைவு’த் தொனி வெளியேறிவிட்டது. 1324இல் நாடகப் பாடல்களுக்கு உச்சரிப்பு நூல் எழுதிய ஜோ தெச்சிங், அந்த அநாதைச் சொற்களை மற்றத் தொனிகளின் வீடுகளில் பங்கிட்டு அமர்த்தினார். ஆக, பேரரசரைப் புகழ்ந்த அந்த நாலு அசைகளை இன்றைய பெய்ஜிங்காரர் சொன்னால் பழைய நாலு தொனி வராது. மகா ஞானியின் ஞானம் கடைசி அசையில் குறைகிறது. ‘போக்கு’த் தொனியோ பெயருக்குப் பொருந்தாமல் எங்கும் போகாமல் உட்கார்ந்திருக்கிறது. தெற்கே கான்டனீஸ்காரர்கள் நுழைவுத் தொனியை இன்றும் விடவில்லை. கூடவே தங்களுக்கென்று ஒரு புதுப் பட்டறையும் வைத்திருக்கிறார்கள். ‘தோங்’ என்று தாழ்த்திச் சொன்னால் சர்க்கரை, ஏற்றிச் சொன்னால் குழந்தை கேட்டு அழுகிற மிட்டாய்.

சீனாவில் கடைத்தெருப் பக்கம் போக நேர்ந்தால் ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். எழுத்தில் வாங்குவதைவிட விற்பதற்கு இரண்டு கோடு கூடுதல். பேச்சில் வித்தியாசம் குரல் மட்டுமே. வாங்கப் போய்த் தடாலென்று குரலை இறக்கிவிட்டால், கையில் இருப்பதை விற்க வந்திருப்பதாக நினைத்துக் கடைக்காரர் உங்களிடமே விலை கேட்பார்.